கற்றூண் படத்தைப் பற்றி டின்சி பேசியது

ஏலக்காய் ஸ்டோரில் போன் முறை என்று ஒன்று உண்டு. எழுதி ஒட்டிய சட்டம் கிடையாது, ஆனால் மீறிப் பாருங்கள், அப்புறம் தெரியும். காய்ந்த காயைக் குவியலாகக் கொட்டி, பருமனையும் நிறத்தையும் பார்த்துத் தரம் பிரிக்கிற பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் ஒரு காலி எவர்சில்வர் வாளி. அன்றைக்கு யார் முறையோ அவள் தன் போனில் எதையாவது போட்டு வாளிக்குள் வைப்பாள். வாளிக்குள் வைத்தால் சத்தம் பெருகி ஸ்டோர் முழுக்கக் கேட்கும். போட்டதை டீ மணி அடிக்கிறவரை யாரும் நிறுத்தக்கூடாது. வைத்தவளே கெஞ்சினாலும் கூடாது. ஒரு காலத்தில் ஜெபப் பாட்டுக்கும் சீரியலுக்கும் மூண்ட சண்டையில் ஒருத்தி இன்னொருத்தியின் கொண்டையைப் பிடித்து இழுத்துவிட்டாள். அதற்கப்புறம் வந்த ஏற்பாடு இது.

டின்சியின் முறை வந்தால் மற்றவர்கள் பெருமூச்சு விடுவார்கள். பாட்டு இருக்காது, கதை இருக்காது, ஊர்வம்புகூட இருக்காது. யாரோ ஒருவர் ஒரு படத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பார். இடது ஓரத்தில் ஒரு சன்னல், அதிலிருந்து வெளிச்சம், அந்த வெளிச்சத்தில் ஒரு பெண்ணின் கழுத்து என்று அளந்துகொண்டே போவார். படம் எங்கே? படம் கிடையாது. வாளிதான் இருக்கிறது.

"படத்தக் காதால பாக்குறதுக்கு நாம என்ன வௌவாலாக்கா?" என்று கேட்பாள் இந்து. வட்டத்திலேயே இளையவள், வாய் சும்மா இருக்காது.

"கண்ணால பாத்தா ஒரு தடவ பாத்துட்டுப் போயிருவ. ஒருத்தர் சொல்லக் கேட்டாத்தான் முழுசாப் பாப்ப" என்பாள் டின்சி.

அவளுக்கு இது பைத்தியம்தான், மறைப்பானேன். தோட்ட ஆட்கள் குடியிருக்கிற லயத்தில் சிக்னல் கிடையாது. குமுளிக்குச் சாமான் வாங்கப் போகிற அன்று பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு வாரத்துக்கு வேண்டியதை எல்லாம் போனில் இறக்கிக்கொள்வாள். கோயில் சுவர்ச் சித்திரங்களைப் பற்றி மலையாளத்தில் ஒருவர் பேசுகிறார், அதை விடமாட்டாள். குகை ஓவியங்களைப் பற்றித் தமிழில் ஒன்று இருக்கிறது, அதில் வருகிறவர் தன் பெருமையே அதிகம் பேசுகிறார் என்று பாதியில் விட்டுவிட்டாள். இங்கிலீஷில் ஒன்று, பாதி புரியாது, ஆனால் அந்த அம்மாள் படத்தின் முன்னால் நின்று மூச்சு வாங்குவதுகூடக் கேட்கும் என்பதற்காகவே கேட்பாள். கேட்கத் தகுந்ததா இல்லையா என்பதற்கு அவளிடம் ஒரே அளவுகோல்தான். முதலில் எங்கே பார்க்கவேண்டும் என்று சொல்லத் தெரிந்தவர் பேச்சைக் கேட்கலாம். படம் வரைந்தவர் எந்த வருஷம் பிறந்தார் என்று ஆரம்பிக்கிறவரைக் கேட்கவேண்டாம்.

எல்லாவற்றிலும் அவளுக்குப் பிடித்தது 'சுவத்துல என்னங்க இருக்கு'. நடத்துகிறவள் பெயர் செல்வப்பிரியா. பாலக்காட்டுக்குக் கிழக்கே, கோயமுத்தூர் எல்லையை ஒட்டிய ஊர், பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர். "ஏனுங்க, எல்லாரும் நல்லாருக்கீங்களா" என்று அவள் தொடங்கும்போதே டின்சிக்கு மனசு இளகிவிடும். ஒரு நாள் அந்தச் செல்வப்பிரியா சொன்னாள்: "உங்க ஊட்டுல, உங்க ஊருல, கோயில்ல, கடையில ஒரு படம் இருக்குமுங்க. அதைப் பத்தி நீங்களே பேசி அனுப்புங்க. நல்லாப் பாத்துட்டுப் பேசுங்க, அவ்வளவுதான்."

டின்சிக்கு அன்று கை ஓடவில்லை. பச்சைக் காயும் வெளிறின காயும் ஒரே தட்டில் விழுந்தன.

அவளிடம் ஒரு படம் இருந்தது. எஸ்டேட் கோயிலைக் கூட்டித் துடைப்பது அவள் பொறுப்பு. சின்ன வயதில் அம்மா செய்த வேலை, அம்மா போனபின் இவளுக்கு வந்தது. அந்தக் கோயிலின் பக்கச் சுவரில், ஆள் உயரத்துக்கு, கற்றூணில் கட்டுண்டு அடிபடுகிற இயேசு. டின்சி பிறப்பதற்கு முந்தின வருஷம், கம்பத்திலிருந்து மலையேறி வந்த ஒரு ஓவியர் வரைந்தது. கடைகளுக்கு போர்டு எழுதுகிறவராம். லயத்தில் வீட்டுக்கு ஒரு நேரம் சாப்பிட்டுக்கொண்டு வரைந்து முடித்துவிட்டு இறங்கிப் போனாராம். அவ்வளவுதான் அவரைப் பற்றித் தெரியும். அந்தப் படத்தை அவள் துடைத்த துடைப்புக்குக் கணக்கே இல்லை. அதில் எங்கே வண்ணம் பொரிந்திருக்கிறது, எங்கே பிரஷ்ஷின் மயிர் ஒன்று ஒட்டிக்கொண்டு காய்ந்திருக்கிறது என்பதுவரை விரல் நுனிக்குத் தெரியும்.

ஒரு மத்தியானம் கோயிலுக்குள் தனியாக நின்று பேசிப் பதிந்து, குமுளியிலிருந்து அனுப்பினாள். 

வீட்டில் அப்பாவிடம் மட்டும் சொன்னாள். புருஷன் ஜிபி மூணாறில் டூரிஸ்ட் ஜீப் ஓட்டுகிறான், ஞாயிற்றுக்கிழமை வந்தால் வந்தது. பேச்சுக்கு மிச்சம் அப்பாதான். சுவக்கீன், எஸ்டேட்டின் பழைய கண்காணி. எழுபது தாண்டிவிட்டது. டின்சி பள்ளிக்கூடம் போகிற வயதில் அவருக்கு வாதம் வந்து இடது பக்கம் இழுத்துக்கொண்டது. இடது கை வலுவிழந்தது, வாய் கோணியது, அந்தக் கோணலை மறைக்க வளர்த்த தாடி மார்புவரை வெளுத்துக் கிடக்கிறது. கண்காணியாக அவர் அதட்டிய காலம் அவளுக்கு நினைவில் இல்லை. அவளுக்குத் தெரிந்த அப்பா, மெதுவாகப் பேசுகிறவர், கோழிக்குஞ்சைத் தூக்கிக் கூட்டில் விடுகிறவர், வலது கையால் டீ டம்ளரைப் பிடிக்கும்போது சுண்டுவிரல் மட்டும் மடங்காமல் தனியே நீட்டிக்கொண்டிருக்கிறவர். காய் உலர்த்தும் அறைக் கதவில் நசுங்கிய விரலாம், அதிலிருந்து மடங்காது. "எங்கப்பா டீ குடிக்கிறதப் பாரு, வெள்ளைக்காரத் துரை மாதிரி" என்று டின்சி சின்ன வயதிலிருந்து கேலி செய்வாள். அவரும் சிரிப்பார்.

"போன்ல பேசப்போறியா? ஊரே கேக்குமா?" என்றார் சுவக்கீன்.

"எடுத்துக்கிட்டாங்கன்னா கேக்கும்ப்பா."

"எதப் பத்தி?"

"அத இப்பச் சொல்லமாட்டேன். வரட்டும்."

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்பார், "வந்துருச்சா தாயி?" மகள் குரல் ஊருக்கெல்லாம் கேட்கப்போகிறது என்று பக்கத்து லயத்தில்கூடச் சொல்லிவைத்திருந்தார். அதிகம் பேசாத மனுஷன் அதை மட்டும் போய்ச் சொன்னார்.

செல்வப்பிரியாவிடமிருந்து பதில் வந்தது. "உங்க குரல் இந்த வாரம் வருதுங்க. நீங்க பாத்த மாதிரி எங்களுக்கு யாருமே பாத்து அனுப்பல." டின்சி குமுளி பஸ் ஸ்டாண்டில் அதைப் படித்துவிட்டு, நின்ற இடத்திலேயே ஒரு டீ வாங்கிக் குடித்தாள். அந்தப் பகுதியை இறக்கிக்கொண்டாள், ஆனால் கேட்கவில்லை. மறுநாள் அவளுடைய போன் முறை. வௌவால் என்று கேலி செய்தவளுகள் முன்னால் முதல்முறையாகக் கேட்கவேண்டும், அப்புறம் சாயங்காலம் அப்பாவுக்குப் போடவேண்டும். அந்தச் சின்னப் பெருமை அவளுக்கு வேண்டியிருந்தது, அதில் என்ன தப்பு?

மறுநாள் போனை வாளிக்குள் வைத்துவிட்டு, வழக்கமாகச் சாய்கிற தூணில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள். எதிரே சவரியம்மா. வட்டத்திலேயே மூத்தவள், டின்சி 'சித்தி' என்று கூப்பிடுகிறவள். சொந்தம் கிடையாது. அம்மா இறந்த வருஷம் டின்சிக்குத் தலை பின்னிவிட்டதும், பெரியவளானபோது தண்ணீர் ஊற்றியதும் அவள்தான். சவரியம்மா யார் வீட்டுக்கும் போவாள், டின்சியின் வீட்டுக்கு மட்டும் வரமாட்டாள். வாசலில் நின்று கூப்பிடுவாள், அவ்வளவுதான். அது ஏன் என்று டின்சி யோசித்ததே இல்லை.

"ஏனுங்க, எல்லாரும் நல்லாருக்கீங்களா" என்றது வாளி. "இன்னைக்கு இடுக்கியில ஒரு ஏலத் தோட்டத்திலிருந்து நம்ம டின்சி அக்கா பேசறாங்க."

இந்து கையைத் தட்டினாள். சூப்பர்வைசர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

டின்சியின் குரல் வந்தது. வாளிக்குள்ளிருந்து கேட்டபோது அவளுக்கே வேறு யாருடைய குரலோ போல இருந்தது.

"எங்க கோயில் பக்கச் சுவத்துல ஒரு படம் இருக்கு. கற்றூணில் கட்டுண்ட இயேசு. மொதல்ல தூணப் பாருங்க. கற்றூண்னு சொல்றோம், ஆனா இவர் கல்லுல வரையல. மரத்தூணு. மேல ஒரு இரும்பு வளையம் தொங்குது. அந்த வளையத்துலதான் கைய மேல தூக்கிக் கட்டியிருக்காங்க."

சவரியம்மாவின் கை நின்றது. அவள் டின்சியைப் பார்க்கவில்லை. டின்சியின் தலைக்கு மேலே பார்த்தாள். டின்சியும் அண்ணாந்து பார்த்தாள். அவள் சாய்ந்திருந்த தூணின் உச்சியில், ஒரு காலத்தில் மூட்டை எடைபோடத் தராசு மாட்டிய இரும்பு வளையம் தொங்கியது. தினமும் சாய்கிற தூணை யார் அண்ணாந்து பார்க்கிறார்கள்?

"இயேசுவோட மொகம் தெரியாது. முதுகு மட்டுந்தான். இடது தோளுக்குக் கீழ ஒரு மரு இருக்கு. சாமிக்கு எதுக்கு மரு வச்சாருன்னு நான் ரொம்ப நாளு யோசிச்சிருக்கேன். அந்த முதுகு சாமி முதுகு மாதிரி இல்ல, சொமை தூக்குற ஆளோட முதுகு."

வட்டத்தில் ஒருத்தியும் அசையவில்லை. இந்து மட்டும் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். அவள் கம்பத்திலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள், அவளுக்கு ஒன்றும் தெரியாது.

"மொகம்னு பாத்தா அடிக்கிற படைவீரனோட மொகம் ஒண்ணுதான். அதத்தான் அந்த ஓவியர் ஆசையா வரைஞ்சிருக்காரு. கோவமில்ல அந்த மொகத்துல. வேலை செய்ற மொகம். தன் வேலைய நல்லாச் செய்றோம்ங்கிற மொகம். அப்புறம் சாட்டையப் புடிச்சிருக்கிற கையப் பாருங்க. நாலு வெரல் மடங்கியிருக்கு. சுண்டுவெரல் மட்டும் மடங்காம நீட்டிக்கிட்டு நிக்குது. இதெல்லாம் கற்பனையில வராதுங்க. இப்படி ஒரு ஆள அவர் கண்ணால பாத்திருக்கணும்."

அந்தக் குரலைக் கேட்கக் கேட்க, டின்சியின் கண்ணுக்குள் அந்த விரல் வந்தது. விரலைச் சுற்றி ஒரு டீ டம்ளர் வந்தது.

எத்தனையோ வருஷம் துணியால் துடைத்த கை அது. துடைக்கும்போது தெரியாதது, காதால் கேட்டவுடன் தெரிந்துவிட்டது. டின்சி எழுந்து வாளிக்குள் கையை விட்டாள். "டீ மணி அடிக்கலையேக்கா" என்றாள் இந்து, பழக்க தோஷத்தில்.  சவரியம்மாதான் டின்சியின் மணிக்கட்டைப் பிடித்து வெளியே எடுத்துவிட்டாள்.

"ஓடட்டும்" என்றாள்.

ஓடியது. செல்வப்பிரியா கேட்டாள், "முகத்தை ஏனுங்க வரையாம உட்டுருப்பாரு?" வாளிக்குள்ளிருந்த டின்சி வெகு கெட்டிக்காரத்தனமாகப் பதில் சொன்னாள்: "நாம ஒவ்வொருத்தரும் நம்ம மனசுல வரைஞ்சுக்கட்டும்னு விட்டுருப்பாருங்க." தூணோரம் நின்ற டின்சிக்குத் தன் வாயிலேயே ஒரு அறை கொடுக்கலாம் போலிருந்தது.

டீ மணி அடித்து மற்றவர்கள் வெளியே போனபின் சவரியம்மா அவளைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கூட்டிப் போனாள்.

"எல்லாருக்கும் தெரியுமா சித்தி?"

"பழைய ஆளுகளுக்குத் தெரியும்."

"எனக்கு ஏன் சொல்லல?"

"என்னத்தச் சொல்ல? உனக்குத் தலை பின்னிவிடுறப்போ சொல்லவா, உங்கப்பன்தான் அந்தப் படத்துல நிக்கிறான்னு? புள்ள என்ன பண்ணுச்சு."

"அந்த முதுகு?"

சவரியம்மா தொட்டியில் கையைக் கழுவினாள், கழுவிய கையை மறுபடி கழுவினாள். "என் வீட்டுக்காரரு. மிக்கேலு. எனக்கு அப்ப மசக்கை, தண்ணி குடிச்சாக்கூட வெளிய வந்துரும். வாயில போட்டு அடக்கிக்கன்னு ஒரு பிடி காய மடியில கட்டிட்டு வந்தாரு. கேட்டுல புடிச்சிட்டாங்க. தூணுல கட்டி, எல்லாரையும் நிக்க வச்சு அடிச்சான் உங்கப்பன். அடியில சாகல, அத அவன் தலையில போடமாட்டேன். அது கழிஞ்சு ரெண்டு மழைக்காலம் இருந்தாரு, காச்சல்ல போனாரு. ஆனா அதுக்கப்புறம் யாரயும் நிமிந்து பாக்கல."

டின்சி தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அவர ஒரு போட்டோகூட எடுத்ததில்ல" என்றாள் சவரியம்மா. "கலியாணத்துக்கே எடுக்கல. அந்தச் சுவத்துல இருக்கிற முதுகுதான். மருவ ஒழுங்காப் பாத்துச் சொல்லிருக்க. அந்த எடம் மட்டும் எனக்கு இன்னொரு தடவ போடுறியா?"

டின்சி போட்டாள். காதோடு போனை வைத்துக்கொண்டு கேட்டுவிட்டு, சவரியம்மா காய் பிரிக்கப் போய்விட்டாள். திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் டின்சிக்கு ஒரு வாய் அழுகையாவது வந்திருக்கும்.

சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போது அப்பா கேட்டார், "வந்துருச்சா தாயி?"

"இல்லப்பா. இந்த வாரம் இல்லையாம்."

அவர் முகம் விழுந்துவிட்டது. "அடுத்த வாரம் வரும்" என்று அவரே அவளைத் தேற்றினார். டின்சி உள்ளே போய்ச் சாயா போட்டாள். டம்ளரை நீட்டினாள். சுண்டுவிரல் நீட்டிக்கொண்டு வந்தது. அதைப் பார்க்காமலிருக்க அடுப்பைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள். பார்க்கக்கூடாது என்று நினைக்க நினைக்கக் கண் அங்கேயே போய் நின்றது. இந்தக் கை தன்னைத் தூக்கிய கை. ஜுரத்தில் நெற்றியைத் தொட்ட கை. அதே கைதான், வேறு கை இல்லை. இதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

குமுளிக்குப் போய் ஜிபியிடம் போனில் சொன்னபோது, "பழங்கத. கெழவனுக்கு எதுக்கு இப்ப அது? கேக்க விட்டுராத, அவ்வளவுதான்" என்றான். அவளும் அதைத்தான் நினைத்திருந்தாள். அப்பா அதைக் கேட்கக்கூடாது. கேட்டால் அவருக்கு என்ன ஆகுமோ என்ற பயம் பாதி. அவர் என்ன சொல்லிவிடுவாரோ என்ற பயம் மீதி. இல்லை என்று சொல்லிவிட்டால் பொய்யை வைத்துக்கொண்டு குடித்தனம் பண்ணவேண்டும், ஆமாம் என்று சொல்லிவிட்டால் அதை வைத்துக்கொண்டு.

அதனால் ஒவ்வொரு சாயங்காலமும் பொய் சொன்னாள். செல்வப்பிரியாவிடமும், அந்தப் பகுதியை எடுத்துவிட முடியுமா என்று கேட்டு அனுப்பினாள். "ஏனுங்க அக்கா, அதத்தான் எல்லாரும் கேட்டுட்டு இருக்காங்க" என்று பதில் வந்தது. காரணம் சொல்லாமல் எப்படிக் கெஞ்சுவது? விட்டுவிட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு டின்சி கோயிலைக் கூட்டிக்கொண்டிருந்தாள். அப்பா வழக்கம்போல வெளியே, மணிக்கூண்டுப் பக்கத்து சிமெண்டுத் திட்டில் உட்கார்ந்திருந்தார். பூசை வெளியிலிருந்துதான் கேட்பார். படி ஏற முடியாது, கால் இழுக்கிறது என்று டின்சி இத்தனை நாள் நம்பியிருந்தாள். வாசலில் இருப்பது ஒரே ஒரு படி. துடைப்பத்தோடு நின்று அந்தப் படியை அவள் அப்போதுதான் பார்த்தாள்.

ஒரு பைக் வந்து நின்றது. ஒரு பையனும் பெண்ணும். கழுத்தில் கேமரா. தமிழ்தான் பேசினார்கள், மலைக்குக் கீழே தேனிப் பக்கத்துப் பேச்சு.

"ஐயா, இந்தக் கோயில்லதான அந்தச் சுண்டுவிரல் படம் இருக்கு? பாட்காஸ்ட்ல ஒரு அக்கா சொன்னாங்களே."

டின்சி துடைப்பத்தைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள். அதற்குள் சுவக்கீன் வலது கையைத் தூக்கிக் காட்டிவிட்டார், "உள்ள, வலப்பக்கச் சுவரு." அந்தக் கையைத்தான். அந்தப் பிள்ளைகள் அதைப் பார்க்கவில்லை. "தாங்க்ஸ் தாத்தா" என்று உள்ளே போய், படம் எடுத்து, "செம்ம" என்று சொல்லிவிட்டு, அவரைக் கடந்து பைக்கில் ஏறிப் போனார்கள்.

வீடு வந்து சேர்ந்தார்கள். கட்டிலில் உட்கார்ந்த பிறகு சொன்னார்:

"வந்துருச்சுல்ல. போடு."

"அப்பா, வேண்டாம்ப்பா."

"எம்மக பேசுனது எனக்கு வேண்டாமா? போடு தாயி."

போட்டாள். வாளி இல்லை, வெறும் போன். அவர் காதைச் சாய்த்துக் கடைசிவரை கேட்டார். முகத்தில் பாதிதான் அசையும், அந்தப் பாதியும் அசையவில்லை. முடிந்ததும், "நல்லாத்தான் பாத்திருக்க" என்றார்.

"நீங்கதானாப்பா?" அவளுக்குக் கேட்டே தீரவேண்டியிருந்தது.

"நானேதான். நின்னு காட்டுனேன்ல."

"நின்னு காட்டுனீங்களா?"

"அந்த ஓவியக்காரன் வந்து, ராஜா காலத்துப் படைவீரன் வேணும், உங்க மாதிரி ஒரு ஆளு வேணும்னான். கம்பப் புடிச்சு நின்னேன். கோயில் சுவத்துல என் மொகம் வரப்போவுதுன்னு எனக்குப் பெருமை. வரைஞ்சு முடிச்சு, மூடியிருந்த துணிய எடுத்தப்பகூடப் பெருமையாத்தான் இருந்துச்சு. எல்லாவனும் பயந்து நிப்பான்னு." அவர் நிறுத்தி மூச்சு வாங்கினார். "அப்புறம் நீ பூசையில மொத மொதலா நன்மை அப்பம் வாங்குற வருஷம், வெள்ளக் கவுன் போட்டுக்கிட்டு, அந்தப் படத்தக் காட்டி, 'இந்தக் கெட்ட ஆளு யாருப்பா'ன்னு கேட்ட."

டின்சிக்கு அப்படிக் கேட்டது நினைவே இல்லை. "என்ன சொன்னீங்க?"

"தெரியலன்னேன். அதுக்குப் பெறகு உள்ள போகல."

வெளியே யாரோ விறகு பிளந்துகொண்டிருந்தார்கள். டின்சி தரையில் உட்கார்ந்துவிட்டாள். திட்டவேண்டும் போல இருந்தது, அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழவேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

"அந்த டீச்சருப் புள்ள கேட்டுச்சே, மொகத்த ஏன் வரையலன்னு" என்றார் சுவக்கீன். "அதுக்கு நீ என்னமோ சொல்லிருக்க. அதெல்லாம் இல்ல. மொகத்த வரையணும்னுதான் அவன் கேட்டான். மிக்கேல் மொகம் அப்ப எப்படி இருந்துச்சுன்னு என்கிட்டதான் வந்து கேட்டான். நான் பாக்கல. முதுகத்தான் பாத்தேன். அப்படியே அவன்கிட்டயும் சொன்னேன்."

"சவரிச் சித்திகிட்ட ஒரு நாளாவது பேசுனீங்களா?"

"என்னன்னு பேச?"

  டின்சி பொழுது சாய்ந்துவிட்டது என்று எழுந்து சாயா போட்டாள், வேறு என்ன செய்வது. டம்ளரை நீட்டினாள்.

அவர் வலது கையைத் தூக்கினார், பாதியில் நிறுத்தி மடியில் போட்டுக்கொண்டார். இடது கையை நீட்டினார். வலுவில்லாத கை. டம்ளர் ஆடி, சாயா அவர் வேட்டியிலும் அவள் கையிலும் கொட்டியது. சூடு.  டின்சி துணியை எடுத்துத் துடைத்தாள்.

அன்றிலிருந்து இடது கையால்தான் வாங்குகிறார். தினமும் பாதி கொட்டுகிறது, தினமும் அவள் துடைக்கிறாள். வலது கையால வாங்குங்கப்பா என்று சொல்ல அவளுக்கு இன்னும் வாய் வரவில்லை.